கேள்வியே கேட்காத கணவர்

ஒரு கதையை எடுத்து, அதில் வாக்கியங்கள் நீளமா குட்டையா, யார் அதிகம் பேசுகிறார், யார் வாயையே திறக்கவில்லை என்று பென்சிலால் கோடு போட்டு எண்ணுவதுதான் என் பிழைப்பு. பழைய ஆங்கிலச் சிறுகதைகள் எனக்குச் சரக்கு. பாடத்திட்டத்தில் இதற்கு நடையியல் என்று பெயர். கல்லூரி காரைக்காலில், குடும்பம் புதுச்சேரியில். மாற்றல் வந்து ஆறு வருஷம் ஆகிறது. வேலை ஓர் ஊர், வீடு ஓர் ஊர் என்று பஸ்ஸிலேயே ஆயுளைக் கழிப்பவர்களுக்கு நான் சொல்வது சீக்கிரம் புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரரின் சந்தேகம்

காரைக்காலில் கோவில்பத்துப் பக்கம் ஒரு மாடி அறையில் இருக்கிறேன். கீழ்வீட்டில் வீட்டுக்காரர் செல்வராசு, அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில், அவரிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். ஒரு கதையில் வினைச்சொற்கள் எப்படி வருகின்றன, ஆசிரியர் யாரைப் பேச விடுகிறார், எங்கே வாக்கியத்தைச் சட்டென்று நறுக்குகிறார் என்று அரைமணி நேரம் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்.

நான் முடித்ததும், "எல்லாம் சரிதான் சார். படிச்சு முடிச்சதும் அழுவணுமா சிரிக்கணுமா, அத எந்தப் பேப்பர்ல சொல்லிக்குடுப்பீங்க?" என்றார்.

மூன்று பேர் வகுப்பு

என் தாள் விருப்பப்பாடம். இந்த வருஷம் பதினோரு பேர் சேர்ந்தார்கள். மூன்றாவது வாரம் மூன்று பேர் மிஞ்சினார்கள். அதில் ஒருத்தி நிஷா, திருமலைராயன்பட்டினத்தில் இருந்து வருகிறவள். அதிகம் பேசமாட்டாள். எண்ணச் சொன்னால் ஒழுங்காக எண்ணுவாள்.

நூறு வருஷத்துக்கும் மேல் பழைய கதை ஒன்றை அன்று எடுத்திருந்தேன். வயதான கணவனும் மனைவியும் ஒரு சாயங்காலம் சாப்பிட்டு எழுந்திருக்கிறார்கள், அவ்வளவுதான் கதை. கணவர் ஒரு சொல், இரண்டு சொல்லுக்கு மேல் பேசுவதில்லை. பத்தொன்பது வருஷமாக அந்தக் கதையை நடத்துகிறேன். அந்தக் கணவரின் அடக்கம், வார்த்தைக்குள் வராத அன்பு என்று ஒவ்வொரு வருஷமும் உருகி உருகிச் சொல்வேன். அன்றும் சொன்னேன். நிஷா கை தூக்கினாள். மனைவி பதினான்கு கேள்வி கேட்கிறாள், கணவர் ஒன்றுகூடக் கேட்கவில்லை, இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன் என்றாள். நான் புத்தகத்தைப் புரட்டினேன். பத்தொன்பது வருஷத்தில் நான் அவருடைய சொற்களை எண்ணியிருக்கிறேன், கேள்விகளை எண்ணியதில்லை.

"நீங்க அவரு அமைதியானவருன்னு சொல்றீங்க சார். எனக்கு என்னமோ, அந்தம்மா இருக்காங்களா போயிட்டாங்களான்னே அவரு பாக்கலன்னு தோணுது" என்றாள்.

சுகுணாவின் செய்திகள்

சாயங்காலம் அறைக்கு வந்ததும் போனை எடுத்து, என் மனைவி சுகுணா அனுப்பிய செய்திகளை மேலே மேலே தள்ளிப் பார்த்தேன். அவள் புதுச்சேரியில் ஒரு தொடக்கப்பள்ளியில் ஆசிரியை. மாற்றல் வந்த புதிதில் நாலைந்து வரி எழுதியிருக்கிறாள்: பள்ளிக்கூடத்தில் நடந்தது, பக்கத்து வீட்டுச் சண்டை, தண்ணீர் வராதது. போகப்போக அது "சாப்டாச்சா", "மழையா அங்க", "வெள்ளிக்கிழமை வரீங்களா" என்று சுருங்கியிருந்தது. என் பக்கம் "ஆச்சு", "ம்", "இல்ல", "பாக்கறேன்". ஒரு வருஷத்துக்குப் பின்னால் போயும் நான் கேட்ட கேள்வி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பென்சில் தேவைப்படவில்லை.

அவளைக் கூப்பிட்டேன். எப்போதும் அவள்தான் கூப்பிடுவாள். எடுத்ததும், இன்றைக்கு என்னவெல்லாம் செய்தாய் என்று கேட்டேன்.  

அவள் மெதுவாக, "என்னங்க, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்றாள்.

ஜன்னலோர சீட்டு

விடைத்தாள் திருத்தணும், கூட்டம் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி, அப்போது ஐந்து வாரமாக வீட்டுக்குப் போயிருக்கவில்லை. உண்மையில் யாரும் என்னைப் பிடித்து வைக்கவில்லை. தனியாக இருக்கப் பழகிவிட்டால் ஒருவரோடு பேசுவதே வேலை மாதிரி ஆகிவிடுகிறது. அந்த வெள்ளிக்கிழமை பஸ் ஏறிவிட்டேன். பக்கத்தில் எங்கள் கல்லூரி வணிகவியல் துறை பாஸ்கரன், வாரம் தவறாமல் போகிறவர்.

சுகுணாவிடம் என்ன கேட்பது என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. ஒரு தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது. புதுத் தலைமை ஆசிரியர் எப்படி. போன மாதம் எப்படிப் போனது. பாஸ்கரன் எட்டிப் பார்த்தார்.

"வீட்டுக்குப் போறீங்களா, வைவா எடுக்கப் போறீங்களா சார்?" என்று கேட்டார்.

மூன்றாவது கேள்வி

முதல் இரண்டு கேள்விக்கும் சுகுணா நின்றபடியே பதில் சொன்னாள். மூன்றாவதைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டாள். போன மாதம் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. தங்கையைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள்; அங்கே கட்டியில் இருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வரப் பத்து நாள். பயப்பட ஒன்றுமில்லை, சாதாரணக் கட்டிதான் என்று வந்துவிட்டது. காகிதத்தை எடுத்து வந்து காட்டினாள். தேதியைப் பார்த்தேன். அந்தப் பத்து நாளும் அவள் சாப்டாச்சா என்று கேட்டிருக்கிறாள், நான் ஆச்சு என்று அனுப்பியிருக்கிறேன்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தேவலை. காகிதத்தை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"மறைக்கணும்னு இல்லைங்க. நான் சொல்லுவேன், நீங்க 'ம்'னு ஒரு எழுத்து அனுப்புவீங்க. அத வாங்கிக்க அப்ப எனக்குத் தெம்பு இல்ல."

இப்போது தினமும் சாயங்காலம் நானே கூப்பிட்டுக் கேட்கிறேன். பாதி நாள் அவள் "வேலையா இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாள், நாலே சொல், கேள்வி ஒன்றுகூட இல்லை; அதில் எண்ணிப் பார்க்க ஒரு நடையியல் வாத்தியாருக்கு அதிகமாக ஒன்றும் இல்லை.