ஐந்து பேர் ஏறக்கூடிய வண்டி

ஒரு மனிதன் தனக்கு வேண்டியதைத்தான் தேர்ந்தெடுக்கிறானா, அல்லது எதற்குச் சலுகை தருகிறார்களோ அதையே தனக்கு வேண்டியது என்று நம்பத் தொடங்குகிறானா? வெள்ளவத்தையில் உமாசுதனை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் போகாது. அவருக்கே அது வந்தபோது காலம் கடந்திருந்தது.

கோட்டைப் பகுதியில் ஒரு அரச திணைக்களத்தில் அவர் கணக்காளர். ஆறடி உயரம், குறைந்த பேச்சு. நேர்மையானவர் என்று சொல்லலாம். அதற்கு மேல் புகழ அவசரப்பட வேண்டியதில்லை. மனைவி கௌரி அவருடைய தோளுக்கும் எட்டாதவள். இரத்மலானையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தாள். பிள்ளைகள் இல்லை.

நாற்பத்தைந்து வயதில் கௌரியின் முழங்கால்கள் மடங்க மறுத்தன. பஸ்ஸின் மிதிபலகையில் ஏறுவதுதான் அவளுக்குப் பெரிய பாடு. அதனால் யாரிடமும் கேளாமல் கார் ஓட்டப் பழகினாள். முதல் தடவையிலேயே சோதனையில் தேறிவிட்டாள்.

"உங்களைப் போல ரெண்டாந்தரம் போகேல்லை" என்று கணவரைச் சீண்டினாள்.

"பள்ளிக்கூடக்காரருக்குச் சோதனை பாஸ் பண்ணுறது தொழில்தானே."

அந்த ஆண்டில்தான் வரிச் சலுகையில் வாகனம் இறக்குவதற்கான பேர்மிட் அவருக்குக் கிடைத்தது. சிறிய ஹைபிரிட் கார் ஒன்றைக் கௌரி மனதில் வைத்திருந்தாள். ஒருமுறை பெற்றோல் அடித்தால் இரண்டு கிழமைக்கு இரத்மலானை போய் வரலாம் என்று கணக்கும் பார்த்திருந்தாள். உமாசுதனும் சம்மதித்துவிட்டார். அடுத்த நாள் கன்ரீனில் றமேஷ் அதைக் கேட்டுச் சிரித்தான். இருவரும் ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"உனக்கென்ன விசரே மச்சான்? சின்னக் காருக்கு வரியே குறைவு. அதில அரசாங்கம் உனக்கு என்னத்தை விட்டுத்தரப் போகுது? பெரிசை எடுத்தாத்தான் பேர்மிட்டுக்கு மரியாதை."

றமேஷின் கணக்கில் பிழை இல்லை. வாகனம் பெருக்கப் பெருக்கச் சலுகையும் பெருத்தது. பேர்மிட்டைச் சிறிய காருக்குக் கொடுத்தவன் அலுவலகத்தில் ஏமாளி. அந்தப் பெயரை உமாசுதன் எடுக்க விரும்பவில்லை. டீசலில் ஓடும் டபுள் கப் வண்டி ஒன்றுக்கு எழுதிக் கொடுத்தார். ஐந்து பேர் இருக்கலாம். பின்னால் மூட்டை ஏற்றத் திறந்த பெட்டியும் உண்டு. ஏற்றுவதற்கு அவர்களிடம் மூட்டை எதுவும் இருக்கவில்லை.

"அஞ்சு வருசம் பொறும், கௌரி. அதுக்குப் பிறகு கைமாத்தலாம். வித்தால் உமக்கொரு கார், எனக்கொரு கார்."

"அஞ்சு வருசம் என்ரை முழங்கால் பொறுக்குமோ?" என்று மட்டும் கேட்டாள்.

தொடர்மாடியின் கீழ்த்தளத்தில், இரண்டு தூண்களுக்கு நடுவே அவர்களுக்கு ஒதுக்கிய இடத்தில் அந்த வண்டி அடங்கவில்லை. வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டாம் மாடி ஜவாஹிறா தன் காரை வளைத்து எடுக்கும் போதெல்லாம் கேட்பாள்: "என்ன சேர், கப்பலக் கொணந்து கட்டி ஈக்கிறீங்க? நங்கூரம் எங்க?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை கௌரி அதை ஓட்டிப் பார்த்தாள். இருக்கையை முன்னுக்கு இழுத்து, முதுகுக்குத் தலையணை வைத்தும் கிளச் முழுதாக மிதிபடவில்லை. ஒழுங்கையின் நடுவில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் வந்த முச்சக்கரவண்டிக்காரன் ஹோர்ன் அடிக்காமல் காத்து நின்றான். அவன் ஏசியிருந்தால் அவளுக்கு அவ்வளவு வெட்கமாக இருந்திராது. அவள் இறங்கி, தலையணையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். பிறகு அந்த வண்டியின் வலது கதவைத் திறக்கவில்லை.

ஐந்து பேர் ஏறக்கூடிய வண்டியில் ஒருவர் காலையில் வடக்கே கோட்டைக்குப் போனார். அதே நேரம் அவருடைய மனைவி தெற்கே இரத்மலானைக்குப் பஸ்ஸுக்கு நின்றாள். இது பல ஆண்டுகள் நடந்தது. இருவருமே பழகிவிட்டார்கள்.

ஐந்து வருடம் முடியுமுன்பே வாகன இறக்குமதி நின்றது. உள்ள வண்டிகளின் விலை ஏறத் தொடங்கியது. விற்கக் காத்திருந்தவருக்கு இப்போது விற்காமல் இருக்க ஒரு காரணம் கிடைத்தது.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு மே மாதத்தில் நாட்டில் எரிபொருள் தட்டுப்பட்டு, டீசல் வரிசை பெற்றோல் செட்டிலிருந்து இறங்கிக் கடற்கரை வீதி நெடுகக் கிடந்தது. உமாசுதன் லீவு போட்டுவிட்டு வரிசையில் நின்றார். இரண்டாம் நாள் காலை, பள்ளிக்கூடம் போகும் வழியில் கௌரி தேநீர் கொண்டுவந்தாள்.

"இந்த யானைக்குத் தீனி தேடியே உங்கடை லீவு முடிஞ்சிடும். இப்பவாவது வில்லுங்கோவன்."

"இப்ப வித்தால் நட்டம். விலை இன்னும் ஏறும்."

"ஏறட்டும். நானும் போய் ஏறுறன், பஸ்ஸில."

அவர் சிரித்தார். அவள் கோப்பையைத் திருப்பி வாங்கிக்கொண்டு பஸ் ஓடும் காலி வீதிப் பக்கம் நடந்தாள். படியில்லாத இடத்திலும் அவள் படி இறங்குகிறவளைப் போல நடப்பதை அன்றுதான் கவனித்தார்.

பஸ்கள் குறைந்திருந்த காலம். வந்தவற்றில் ஆட்கள் தொங்கினார்கள். தெகிவளைச் சந்தியில் பஸ் புறப்பட்டபோது கௌரி மிதிபலகையிலிருந்து விழுந்தாள்.

செய்தி வந்தபோது அவருடைய வண்டிக்கு முன்னும் பின்னும் லொறிகள். வரிசையை விட்டு வெளியே எடுத்தாலும் டாங்கியில் ஓடுவதற்கு எதுவும் இல்லை. வண்டியைப் பூட்டித் திறப்பைப் பின்னால் நின்ற லொறிக்காரரிடம் கொடுத்தார். முச்சக்கரவண்டிக்காரர் எவரும் வரச் சம்மதிக்கவில்லை. பாதி ஓடியும் பாதி நடந்தும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்.

இடுப்பெலும்பு முறிந்து கிடந்த கௌரி கண்ணைத் திறந்து கேட்டாள்: "வரிசையை விட்டிட்டோ வந்தனீங்கள்?"



சத்திரசிகிச்சை நடந்தது. படுக்கையை விட்டு அவள் எழும்பவில்லை. ஐப்பசி மழையில் நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனாள். அதற்குள் எரிபொருளைப் பங்கிடும் அட்டை வந்து வரிசைகளும் கலைந்துவிட்டன.

செத்தவீட்டுக்கு வந்த றமேஷ் வெகுநேரம் பக்கத்தில் இருந்தான். எழும்பும்போது, அவரைத் தேற்ற வேறு எதுவும் தெரியாமல், "உன்ரை வண்டிக்கு இப்ப நல்ல விலை மச்சான்" என்றான். உமாசுதன் கோபிக்கவில்லை. அந்தக் கணக்கு தன்னுடையதும்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆண்டுத் திவசம் முடிந்த கிழமை, முதலில் வந்து கேட்டவருக்கே டபுள் கப்பைக் கொடுத்துவிட்டார். பிறகு ஒரு சிறிய ஹைபிரிட் கார் வாங்கினார். ஒரு ஆசிரியை பாவித்த கார் அது. கொண்டுவந்த தரகர், ஆறடி மனிதரைப் பார்த்து இருக்கையைப் பின்னுக்குத் தள்ளக் குனிந்தார்.

"வேண்டாம். அப்பிடியே இருக்கட்டும்."

"உங்கடை முழங்கால் இடிக்கும், சேர்."

"இருக்கட்டும்."

கார் இரண்டு தூண்களுக்கு நடுவே அளவாக அடங்கியது. ஜவாஹிறா பகிடி எதுவும் விடவில்லை. பற்றரி இறங்காமல் இருக்க, உமாசுதன் ஞாயிறு தோறும் கதவைத் திறந்து, வெளியே நின்றபடியே கையை நீட்டித் திறப்பைத் திருப்புவார், கொஞ்ச நேரம் பக்கத்தில் நிற்பார், நிறுத்திவிடுவார்.

"நீங்க இந்தக் கார ஓட மாட்டீங்களா சேர்?" என்று ஜவாஹிறா ஒருமுறை கேட்டாள்.

"பாப்பம்" என்றார்.

திங்கட்கிழமை காலை அவர் காலி வீதிக்கு நடந்து, கோட்டைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினார்.