மங்கையற்கரசி கட்டிய வீடு

குவைத்தில் ஒன்பது வருடம் பிறத்தியார் வீடு கூட்டித் துடைத்து, வவுணதீவில் தனக்கென்று ஒரு கல்வீடு எழுப்பியவள் மங்கையற்கரசி. புருஷன் யுத்தத்தில் காணாமல் போன பிறகு அவளுக்கு மிஞ்சியது, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த அரை ஏக்கர் காணிதான். பத்திரம் யார் பேரில் இருக்கிறதோ அவரே அங்கே குடியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தம்பி சுதாகரனையும் அவன் மனைவி சர்மிலாவையும் குடிவைத்தால் போதும் என்று நம்பித்தான் விமானம் ஏறினாள்.

முழங்கால் தேய்ந்து அவள் திரும்பி வந்த அன்று, தம்பி வாசலை மறித்துக்கொண்டு நின்றான். பெட்டியை வாங்கவில்லை.

"அக்கா, நீங்க இங்க இருக்கல்ல எண்டு காணிய அரசாங்கம் எடுத்துட்டு. மறுகா குடியிருக்கிறவன் எண்டு என்ட பேருக்குத் தந்திரிக்கு."

"எனக்கு அறிவிக்காம எப்பிடிடா எடுப்பாங்க?"

"எனக்குத் தெரியா. இது இனி விதுர்ஷாட சீதன வீடு."

விதுர்ஷா அவனுடைய மகள், பதினாலு வயது. மங்கையற்கரசி அவனை விலக்கிக்கொண்டு போய் முன்னறையில் பாயை விரித்தாள்.

அதன் பிறகு ஒரே வீட்டில் இரண்டு உலை. முன்னறைக்குப் போன கரண்டை சுதாகரன் அறுத்தான். ஒரு நாள் அவளுடைய சட்டி பானையெல்லாம் முற்றத்தில் வந்து விழுந்தன. "அடிடா பாப்பம்" என்று அவள் முன்னுக்குப் போக, அவன் ஓங்கிய கையைச் சர்மிலா ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். மங்கையற்கரசி அன்றே காணிக் கந்தோரில் அதிகாரியிடம் முறைப்பாடு எழுதிக் கொடுத்தாள்.

விசாரணைக்கு மூன்று பேரையும் கூப்பிட்டார்கள்.

"காணியை எடுக்க முன்னம் காரணம் கேட்டுப் பதிவுத் தபால் அனுப்பினோம். கிடைத்ததா?" என்றார் அதிகாரி.

"எனக்கு ஒண்டும் வரல்ல ஐயா" என்றாள் மங்கையற்கரசி.

"வீட்டுக்கே வரல்ல" என்றான் சுதாகரன்.

அதிகாரி கோப்பிலிருந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். கடிதத்தைப் பெற்றுக்கொண்ட கையெழுத்து. சர்மிலாவின் கையெழுத்து.

சுதாகரன் மனைவியை முறைத்துப் பார்த்தான். அவளுடைய விரல்கள் சேலைத் தலைப்பைத் திருகின.

"நான்தான் வாங்கினன் ஐயா. இவர்ட கையில குடுத்தன். அக்காக்குச் சொல்லுங்க எண்டு ரெண்டு தரம் சொன்னன். அடுப்புக்குள்ள போட்டுட்டார்."

வெளியே வந்ததும் மங்கையற்கரசி அவள் கையைப் பிடிக்கப் போனாள். சர்மிலா விலகி நின்றாள்.

"உங்களுக்காகச் சொல்லல்ல மச்சாள். எனக்கும் ஒரு மகன் இரிக்கான். தகப்பனப் பாத்து நாளைக்கு விதுர்ஷாக்கு அவனும் இதத்தான் செய்வான்."

எட்டு மாதம் இழுத்து, பத்திரம் மறுபடி மங்கையற்கரசி பேருக்கு வந்தது. சுதாகரன் தான் வாங்கிப் பூட்டிய ஃபேனையும் தண்ணி மோட்டரையும் கழற்றி லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றினான். "நீயும் பிள்ளைகளும் இருங்க. அவன் மட்டும் போகட்டும்" என்று மங்கையற்கரசி சொல்லிப் பார்த்தாள். சர்மிலா கேட்கவில்லை. கல்குடாவில் அவளுடைய தகப்பன் வீட்டுக்கு எல்லோருமாகப் போனார்கள்.

பள்ளி விடுமுறைக்கு விதுர்ஷா மட்டும் வந்து மாமி மங்கையற்கரசியோடு நிற்பாள். போன ஆடி அமாவாசைக்கு அமிர்தகழித் தீர்த்தக் கரையில் சுதாகரன் நேரெதிரே வந்தான். அக்காவைக் கண்டதும் சனத்துக்குள் புகுந்து மறைந்தான். அவளும் கூப்பிடவில்லை.