ஆர்.சி. யார் பேரில்?

நாமக்கல் பக்கம் ஓர் உறைவிடப் பள்ளியில் நான் பெண்கள் விடுதி வார்டன். ஷாம்பு டப்பாவுக்குள் ஊறுகாய் கடத்துகிறவர்களையும், வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டு போர்வைக்குள் போன் பார்க்கிறவர்களையும் பிடித்துப் பிடித்துப் பழகியவள். அந்தம்மாவுக்கு முதுகிலும் கண் என்று பிள்ளைகள் பேசிக்கொள்வது என் காதுக்கும் வரும். இந்தப் பெயரை நம்பித்தான் என் கணவர் தன்னுடைய கார் கிளப்பின் ஃபோரத்தைக் கொண்டுவந்து என் தலையில் கட்டினார்.

அவர் லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். பகலெல்லாம் லாரியோடு கிடந்தாலும் நினைப்பெல்லாம் எங்கள் வாசலில் நிற்கும் பழைய கார் மேல்தான். கம்பெனிக்காரனே அந்த மாடலை மறந்து பல காலம் ஆகிறது. ஒரு விளக்குக் கண்ணாடி உடைந்தால் ஊர் ஊராகத் தேட வேண்டும். அப்படித் தேடி அலைகிற சேலம், நாமக்கல் ஆட்களைச் சேர்த்து கிளப்பை ஆரம்பித்தவரே அவர்தான். சேலத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் இணையத்தில் ஃபோரம் அமைத்துக் கொடுத்தார். ஒருவர் கார்புரேட்டரில் சந்தேகம் கேட்பார், தெரிந்தவர் பதில் சொல்வார் என்பது ஏற்பாடு.

கேட்கத்தான் செய்தார்கள். ‘காரைக் கழுவத் தண்ணீர் இல்லையா? போர் போட எங்களை அழையுங்கள்’ என்று ரிக் வண்டி ஏஜெண்ட் கேட்டார். ‘இந்தக் காரில் வந்து இறங்கும் உங்கள் செல்வம் டாக்டராக வேண்டாமா?’ என்று ஒரு பள்ளிக்கூடம் கேட்டது. கல்யாணத் தரகர் ஒருவர், ‘பையனுக்குச் சொந்தக் கார், இதே மாடல்’ என்று ஜாதகக் கட்டத்தோடு போட்டார். அது விளம்பரமா, உறுப்பினர் அறிமுகமா என்று ஆளாளுக்கு அடித்துக்கொண்டார்கள். கார்புரேட்டர் கேள்வி ஒன்று பதில் இல்லாமல் அனாதையாகக் கிடந்தது.

“அம்மிணி, ஆஸ்டல்ல பண்றதயேதான் இங்கயும் பண்ணோணும். எவனா இருந்தாலுஞ் செரி, தூக்கி வெளிய போடு,” என்று சொல்லிப் பாஸ்வேர்டைக் கொடுத்தார் என் கணவர். எவனாக இருந்தாலும் என்று அவர் சொன்னதை நான் அப்படியே நம்பிவிட்டேன்.

விளம்பரம் கூடாது என்று முதல் விதி போட்டேன். என்னைப் படாதபாடு படுத்தியவர் ஒரு முட்டை வியாபாரி. தன் காரைப் படம் எடுத்துப் போடுவார், டிக்கி திறந்திருக்கும், உள்ளே அட்டை அட்டையாக முட்டை. நீக்கினேன். அடுத்து சந்தேகம் கேட்கிற பகுதிக்குப் போய், ‘குழி விழுந்த ரோட்டில் முட்டை உடையாமல் போக என்ன ஷாக் அப்சார்பர் போடலாம்? குறிப்பு: தினமும் புது முட்டை கிடைக்கும்’ என்று எழுதினார். சந்தேகத்தை விட்டுவிட்டுக் குறிப்பை மட்டும் நீக்கினேன். கிளப்பில் ஒரு பெரியவர் காலமானபோது வந்த இரங்கல் செய்தியைத் தொட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அதன் அடியில் ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடுகிறவரின் நம்பர் இருந்தது. பெரியவரை வணங்கிவிட்டு நம்பரைக் கத்தரித்தேன்.

பிறகுதான் தெரிந்தது, விளம்பரம் போடுகிறவர்களில் பாதிப் பேரிடம் காரே இல்லை. ஒரே காரின் படத்தைக் காட்டி மூன்று பேர் சேர்ந்திருந்தார்கள். மூன்று படத்திலும் ஒரே வேப்பமரம் நின்றது. எனக்கு வந்த கோபத்தில் இரண்டாவது விதியை எழுதினேன்: ஆர்.சி. புத்தகத்தின் நகலை அனுப்ப வேண்டும். அதில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உறுப்பினர். என் கணவர் படித்துவிட்டு, “இதுதான் செரி!” என்று தொடையைத் தட்டினார்.

நகல்கள் வர ஆரம்பித்தன. எங்கள் பக்கத்தில் வண்டி வாங்கினால் முதலில் போகிற இடம் ஜோசியர் வீடு. யார் ராசிக்கு வாகன யோகம் இருக்கிறதோ அவர் பெயரில்தான் பதிவு. வருகிற நகலெல்லாம் மனைவி பேரில், அம்மா பேரில், கல்யாணமாகிப் போன மகள் பேரில் இருந்தது. மீசையை முறுக்கிக்கொண்டு பானெட்டில் சாய்ந்து படம் போட்டவர்கள் எல்லாம், விதிப்படி பார்த்தால், அடுத்தவர் காரில் சாய்ந்து நின்றவர்கள். ஒவ்வொருவராக வெளியே போட்டேன்.

என் கணவரையும் போட்டேன். எங்கள் கார் என் பேரில் இருக்கிறது. அவருக்குச் சனி பார்வை, இரும்பு ஆகாது என்று கல்யாணத்தின்போதே ஜோசியர் சொல்லிவிட்டார். “நாளெல்லாம் இரும்புலயே பொரண்டுக்கிட்டு இருக்கறீங்க, அது மட்டும் ஆகுதாக்கும்?” என்று ஒருமுறை கேட்டேன். “அது அடுத்தவங்க இரும்பு அம்மிணி,” என்றார்.

அவர் மாலையில் பட்டறையிலிருந்து வந்து போனைத் திறந்தார். ‘நீங்கள் உறுப்பினர் அல்ல’ என்று காட்டியது.

“ஏம்மிணி, என்ர பேர எடுத்தது யாரு?”

“ரூலுங்க.”

“கிளப்ப ஆரம்பிச்சதே நாந்தானுங்களே?” கோபம் வந்தால் அவர் எனக்கும் மரியாதை கொடுத்துவிடுவார்.

அவருக்கு உண்மையில் வலித்தது ஃபோரம் இல்லை. வருஷா வருஷம் எல்லா வண்டிகளும் சேலம் அம்மாபேட்டையில் கூடி, வரிசையாக அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு தென்னந்தோப்பு வரை போகும். முதல் வண்டியில் அவர் போவார். உறுப்பினரே தன் வண்டியை ஓட்டி வர வேண்டும் என்பது, டிரைவரை அனுப்பிவிட்டு வீட்டில் தூங்கியவர்களைத் திருத்த அவரே போட்ட விதி. இந்த வருஷம் அவர் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. மனைவி ஓட்ட, பக்கத்தில் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

“ஆரம்பிச்சவனுக்கு மட்டும் ஒரு சலுகை...” என்று இழுத்தார். சொந்தப் புருஷனுக்குச் சலுகை கொடுத்துவிட்டு முட்டைக்காரர் முகத்தில் எப்படி முழிப்பது? முடியாது என்றேன். “வேணும்னா ஆர்.சி.ய உங்க பேருக்கு மாத்திக்கலாம்,” என்றேன். “அது உன்ர ராசிக்கு ஓடிக்கிட்டு இருக்குது. மாத்துனா நின்னுரும்,” என்று பதறினார். சாப்பிடும்போது ரசம் வேண்டுமா என்று கேட்டதற்குக்கூடத் தலையை மட்டும் ஆட்டினார்.

வெளியே போனவர்களின் இடத்தில் அவர்களுடைய மனைவிமார் வந்து சேர்ந்தார்கள். ஃபோரத்தில் அதன் பிறகுதான் உண்மை பேசப்பட்டது. ‘பின்சீட்டில் கிரைண்டர் வைத்தால் தாங்குமா?’ என்று ஓர் அம்மா கேட்டார். வண்டி ஒரு தடவைகூட வழியில் நின்றதில்லை என்று பெருமையடித்த ஒருவரின் மனைவி, ராசிபுரம் ரோட்டில் தான் எங்கெங்கே இறங்கித் தள்ளினார் என்று இடம் இடமாக எழுதினார். கேள்வி எழுதும்போது மட்டும் பின்னால் கணவர் நிற்பது தெரியும். ‘ஸ்டார்ட் பண்ணினால் இருமுகிறது, அப்படி எழுதாதே, மிஸ் ஆகிறது என்று எழுது’ என்று சொன்னதையெல்லாம் ஓர் அம்மா அப்படியே தட்டி அனுப்பியிருந்தார்.

எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. அவர் சொல்லுவார், நான் தட்டுவேன். பிளக்கைக் கழற்றி எப்படித் துடைப்பது, எந்த லாரியின் பாகம் இந்தக் காருக்குப் பொருந்தும் என்று அவருக்குத் தெரியாதது இல்லை. பதில் போவது என் பெயரில். முட்டைக்காரரின் கார் முறையாக அவருடைய பெயரிலேயே இருந்தது. பல மாதமாக உறுமிக்கொண்டிருந்த அது, நான் தட்டிய பதிலால் சரியாகிவிட்டது. ‘அம்மா, உங்கள் கைக்குத் தங்க வளையல் போட வேண்டும். இந்த மாவட்டத்தில் இந்த வண்டியைப் பற்றி இவ்வளவு தெரிந்தவர் வேறு யாரும் இல்லை’ என்று எழுதினார். கீழே ஆளாளுக்குக் கை கூப்பியிருந்தார்கள். என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் படித்தார். எழுந்துபோய்க் காரின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்த கண்ணாடி. எனக்குப் பாவமாக இருந்தது. விதியைப் போட்டவள் நான் என்பதால் பாவம் என்று வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை.

அதன் பிறகு அவர் பட்டறையிலிருந்து நேராக வீட்டுக்கு வருவதில்லை. எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், “ஒரு கோழிய பாத்துட்டு வாரேன்,” என்பார். நாமக்கல்லில் ஒருவர் கோழியைப் பார்க்கப் போவதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. என் வார்டன் மூக்கும் சும்மா இருந்துவிட்டது.

ஊர்வலம் நெருங்கிய சமயம், உறுப்பினர் விண்ணப்பம் ஒன்று வந்தது. ஆர்.சி.யில் என் கணவரின் பெயர். கூடவே ஒரு படம்: எங்களுடையதைப் போலவே ஒரு கார், பெயிண்ட் உரிந்து, சக்கரம் பாதி மண்ணில். பின்சீட்டில் ஒரு நாட்டுக்கோழி ஒய்யாரமாக உட்கார்ந்திருந்தது.

ஜோசியத்தை வாழ்நாளெல்லாம் கேலி செய்தவள் நான். அவர் பெயரை ஆர்.சி.யில் பார்த்ததும், இந்த மனுஷனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன் என்ற பயம்தான் முதலில் வந்தது. அங்கேயே நின்றபடி ஆஞ்சநேயருக்கு வடைமாலை நேர்ந்துகொண்டேன்.

“எதுக்குங்க இந்த வேல? இரும்பு ஆகாதுன்னு நீங்கதான சொல்லுவீங்க?”

“அந்த வண்டில என்ஜின் இல்ல அம்மிணி. என்ஜினே இல்லாத வண்டில சனி எதப் புடிச்சு நிறுத்துவான்?”

யோசித்துத்தான் வாங்கியிருக்கிறார். ஒரு கோழிப்பண்ணைக்காரர், என்ஜினைக் கழற்றி ரிப்பேருக்குக் கொடுத்தவர், திரும்பப் போய் வாங்கவே இல்லை. ஆர்.சி. மட்டும் உயிரோடு இருந்தது. அதை என் கணவர் பேருக்கு மாற்றியும் கொடுத்துவிட்டார். ஆனால் பின்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அடைக்கோழியைக் கிளப்புகிற பாவம் நமக்கெதற்கு என்று இருவரும் குஞ்சு பொரிக்கக் காத்திருந்தார்கள். தினம் போய்ப் பார்த்துவிட்டு வந்தது அதைத்தான்.

“இந்த வண்டிய எப்படி ஊர்வலத்துல ஓட்டுவீங்க? கழுத்த ஒடிச்சுக்காதீங்க. நான் ரூல மாத்திடறேன். புருஷனும் உறுப்பினர்னு ஒரு வரி சேத்துனா ஆச்சு.”

“மாத்தாத. உன்ர புருஷன்னு உள்ள வாரதுக்கு நான் வெளியவே நிக்கறேன்.”

என்ஜின் இருக்க வேண்டும் என்று நான் எந்த விதியிலும் எழுதவில்லை. அனுமதித்தேன்.

ஊர்வலத்தன்று அவருடைய வண்டி அம்மாபேட்டை வரை லாரியில் ஏறி வந்தது. அங்கே இறக்கி, என் காரின் பின்னால் கயிறு போட்டுக் கட்டினார்கள். கோழி வாசம் போக அவர் எவ்வளவோ கழுவியும் போகவில்லை. வெள்ளை வேட்டி சட்டையில், நெற்றி நிறைய திருநீறோடு, சொந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தார். வண்டி சனியின் பிடியில் நகரப் போகிறதே என்று ஆஞ்சநேயரை இன்னொரு தடவை கூப்பிட்டேன். பின்னால் பார்க்கிற கண்ணாடியை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. முன்னால் இருந்த ரோட்டை அந்த ஆஞ்சநேயர்தான் பார்த்துக்கொண்டார். அம்மாபேட்டைத் தறிக்காரர்கள் வாசலுக்கு வந்து நின்று சிரித்தார்கள். அவர் அவர்களுக்குக் கைகாட்டினார். கை காட்டும்போதெல்லாம் ஜன்னல் வழியாக இறகு பறந்தது. கயிறு தொய்ந்தால் ஹாரன் அடித்தார், இறுகினாலும் அடித்தார். அந்த வண்டியில் உருப்படியாக வேலை செய்தது பிரேக்கும் ஹாரனும்தான்.

தோப்பில் போய் நின்றோம். கயிறு அறுந்துபோகவில்லை, அவருக்கு ஒரு கீறலும் இல்லை. அங்கே வேடிக்கை பார்க்க வந்த தோப்புக்காரர், கோழி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“இது யாரு வண்டிங்க?”

“இது என்ர வண்டிங்க,” என்றார் என் கணவர், பானெட்டில் சாய்ந்துகொண்டு.

“அப்ப முன்னால இழுத்துக்கிட்டு வந்தது?”

“அது எங்க ஊட்டுக்காரம்மா வண்டிங்க.”

அந்தக் காரை அவர் என்னுடையது என்று சொல்லி, அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. இரும்பு ஆகாதவர் வாய்க்கு அதுநாள் வரை அது ‘என்ர வண்டி’தான். ஆர்.சி.யில் என் பெயர் இருப்பது ஜோசியருக்கும் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கும் மட்டும் தெரிந்த விஷயம் போல நானும் இருந்துவிட்டேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அதைவிடக் கொஞ்சம் அதிகமாக வருத்தமாகவும் இருந்தது.

சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது என் பக்கத்தில் வந்து நின்றார். வேட்டியில் ஒட்டியிருந்த இறகைத் தட்டிவிட்டுக்கொண்டே கேட்டார்.

“அம்மிணி, போறப்ப உன்ர வண்டிய நான் ஓட்டட்டுமா?”

அத்தனை வருஷமும் ஆணியில் தொங்கிய சாவியைக் கேட்காமல் எடுத்துப் போனவர். நான் சாவியை அவர் கையில் வைத்துவிட்டு, பின்னால் போய்க் கோழி வண்டியில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன்.

“மெதுவாப் போங்க!” என்று கத்தினேன்.