ஒரு மைக்கும் ஆறு கவ்போய்களும்

ஒலிபெருக்கிக்காரனைச் சனம் இரண்டு தடவைதான் திரும்பிப் பார்க்கும்: மைக் கீச்சிடும்போது, மைக் செத்துப்போகும்போது. வயர் சுற்றிப் பிழைக்கிற உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

ஹனோவரில் பதினெட்டு வருடம் பொதிக் களஞ்சியத்தில் வேலை பார்த்துவிட்டு, போன வருடம் அதை உதறி முழுநேரமாக இதில் இறங்கினேன். கோயில் திருவிழாக்கள் முடிந்தால் குளிர்காலம் முழுக்க ஈ ஓட்ட வேண்டியதுதான். அப்போதுதான் அமெரிக்க நாட்டுப்புறத்துக் கன்ட்ரி இசைக்கென ஜேர்மன்காரர் நடத்தும் மன்றம் ஒன்று கூப்பிட்டது. அந்த இசையின் வரலாற்றை மூன்று சனிக்கிழமைகளில் மேடையேற்றுகிறார்களாம். மூன்றும் சரிவந்தால் வருடம் முழுக்க வேலை. சறுக்கினால் களஞ்சியத்துக்கே திரும்பிப் போய்ப் பல்லிளிக்க வேண்டும்.

அப்பாவின் எதிரி

மன்றத் தலைவி குட்ரூன் கிழமை நாட்களில் பஸ் ஓட்டுபவர். சனிக்கிழமையில் அமெரிக்க மாட்டுக்காரக் கவ்போய் மாதிரி அகலத் தொப்பியும் கூர்ச் சப்பாத்துமாக வருவார். ஜேர்மனியில் இந்த வேஷம் ஏன் என்று கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை. போருக்குப் பிறகு இங்கே நின்ற அமெரிக்கச் சிப்பாய்களுக்கென்று ஒரு வானொலி இருந்ததாம். அதில் போன பாட்டுகள் பக்கத்து ஜேர்மன் வீடுகளிலும் கேட்டனவாம்.

"அவர்கள் உங்களைத் தோற்கடித்தவர்கள் அல்லவா?" என்றேன்.

"அப்பாவும் அதைத்தான் கத்தினார். அம்மா வானொலியின் சத்தத்தைக் கூட்டிவிட்டார்."

சுரைக்காய்

பான்ஜோ என்ற தந்தி வாத்தியம் வாசிக்கும் டெட்லெஃப் வரி அலுவலக ஊழியர். பான்ஜோவை வெள்ளைக் கவ்போய் கண்டுபிடித்த சாமான் என்றே நான் நினைத்திருந்தேன். எங்கேயிருந்து வந்தது என்று கேட்டேன். அப்படி இல்லையாம். ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் சுரைக்குடுக்கையில் செய்துகொண்டதாம். பெயரை யார் யாரோ தட்டிக்கொண்டு போனார்கள் என்று கேட்க எனக்குக் கோபமே வந்தது.

நம்மிடமும் சுரைக்காய்க் குடம் வைத்த தம்புரா உண்டு என்று தொலைபேசியில் படம் காட்டினேன். உருண்டையை விரலால் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தார்.

"முப்பது வருடமாக வாசிக்கிறேன், தேவா. இது எங்கேயிருந்து வந்தது என்று இந்த மண்டபத்தில் கேட்ட முதல் ஆள் நீ."

கை செய்த வேலை

இரண்டாவது சனிக்கிழமை பழைய வானொலிக் காலம். அப்போதெல்லாம் முழு இசைக்குழுவுக்கும் ஒரே மைக்தானாம். அதைச் சுற்றி ஆறு பேர் நின்றார்கள்.

நம்முடைய கல்யாண வீடுகள் உங்களுக்குத் தெரியும். ஒருவர் மைக்கை விழுங்குவார், அடுத்தவர் இருட்டில் ரோர்ச் லைற் அடிக்கிற மாதிரி தூரப் பிடிப்பார். கிட்ட வந்தால் சத்தத்தைக் குறைப்பதும் விலகினால் கூட்டுவதும் என் விரலுக்குப் பழகிப்போனது. அன்றும் அதையே செய்தேன். வயலின்காரர் முன்னுக்கு வந்தார், குறைத்தேன். டெட்லெஃப் வந்தார், இன்னும் குறைத்தேன். தன் பான்ஜோ கேட்கவில்லை என்று அவர் மைக்கைக் கடிக்கிற அளவுக்கு நெருங்கினார், விட்டேனா நான்!

யாருடைய முறையோ அவர் ஓரடி முன்னுக்கு வருவதும் மற்றவர்கள் பின்வாங்குவதும்தான் அந்தக் காலத்து ஒலியமைப்பு, அதை என் விரல் கெடுத்துவிட்டது என்று இடைவேளையில் குட்ரூன் சொன்னபோது கூனிக் குறுகிப்போனேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"களஞ்சியத்து உடுப்பை எறியேல்லை, பயப்பிடாதேங்கோ. தோய்ச்சு மடிச்சு வைச்சிருக்கிறன்."

இங்கிரிட்

கடைசிச் சனிக்கிழமை இங்கிரிட் பாடினார். எழுபத்தொன்பது வயது. பதினேழு வயதில் பிராங்பேர்ட் பக்கம் சிப்பாய்களின் விடுதியில் பாடியவராம். மறுபடியும் அதே ஒரு மைக். இரண்டாம் அடியில் வரிகள் மறந்து நின்றுவிட்டார்.

நம்மவர் மண்டபத்தில் அமைதி விழுந்தால் குற்றவாளி ஒலிபெருக்கிக்காரன்தான். உடனே ஒரு பாட்டைத் தட்டிவிடக் கை துடித்தது. இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் திணித்தேன். அவருடைய மூச்சு மட்டும் மண்டபம் முழுக்கக் கேட்டது. டெட்லெஃப் ஓரடி முன்னுக்கு வந்து மெட்டை மெல்ல வாசித்தார். பிறகு வயலின் வந்தது. சபையில் யாரோ வரியை எடுத்துக் கொடுக்க, இங்கிரிட் பிடித்துக்கொண்டு கடைசிவரை பாடினார். நான் அழுதேன், அதை மறைப்பானேன்.

வயர் சுற்றும்போது குட்ரூன் வந்தார்.

"இன்றைக்கு நீ ஒன்றுமே செய்யவில்லை. வருடம் முழுக்க வந்து அதையே செய்."

ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு ஒரு வான் வண்டி நிறையச் சாமான் ஏற்றி இறக்க வேண்டியிருக்கிறதே, அதுதான் ஐயா எங்கள் தொழில்.