மூன்றாவது சின்னத்தாய்

மூக்கம்மாளின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், பல்கலைக்கழகத்திலிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. உறையில் அவள் பெயர் இல்லை. "திருமதி சின்னத்தாய், கல்லுமேடு எஸ்டேட், சாந்தன்பாறை வழி" என்று தட்டச்சு செய்திருந்தது.

மகள் முத்துப்பேச்சி அதை எஸ்டேட் வரிசைவீடான லயத்தின் வாசலில் நின்றுகொண்டே படித்தாள். பெண்கள் ஆண்டை ஒட்டிப் புதிதாக ஏற்படுத்திய பரிசு. பெண்களுக்குத் தலைமை தாங்கியவர்கள், ஆணும் பெண்ணும் சமம் என்பதற்காக உழைத்தவர்கள் என்று நாலு பேரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஒருவர் பேராசிரியை, ஒருவர் டாக்டர், ஒருவர் வக்கீல். நாலாவது ஆள் தேயிலைக் கொழுந்து பறிப்பவள். 1976 மார்ச் எட்டாம் தேதி விழா. இரண்டாம் தாளில், அவள் என்ன செய்தாள் என்று பத்து வரி இருந்தது. அதில் ஒரு வரி: "எஸ்டேட் மேலாளரின் முழு ஒத்துழைப்புடன்."

முத்துப்பேச்சி பாலிடெக்னிக்கில் படித்தவள். கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில், அளவுமானிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிக்கும் பிரிவில் வேலை. பத்து வரியில் ஏழு தவறு என்று எண்ணினாள். முதல் தவறு பெயர்.

சின்னத்தாய் மூக்கம்மாளுடைய அக்கா. 1951இல் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இந்தக் கேரள மலைக்குக் கங்காணி கூட்டிவந்த ஆட்களில் ஒருத்தி. துணைக்கு வந்தவள் பதினேழு வயதுத் தங்கை மூக்கம்மாள். மூன்றாம் மாதமே அக்கா காய்ச்சலில் போனாள். கல்லுமேட்டில் அன்றைக்கு ஒரு வழக்கம் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. ஆள் பதிவில் புதுப் பேர் ஏற்ற வேண்டுமென்றால் மேலிடத்துக்கு எழுத வேண்டும், டாக்டர் பார்க்க வேண்டும், லயத்தில் வீடு கொடுக்க வேண்டும். அந்தத் தொல்லை எதற்கு? செத்தவள் பேரிலேயே இன்னொருத்தியை இறக்கிவிடுவார்கள். பேர் சாகாது. ஆள்தான் சாகும்.

அக்காவைப் புதைத்துவிட்டுத் தலை ஈரத்தோடு வந்தவளிடம் கங்காணி சொன்னார்: "நாளைக்குப் பெரட்டுல சின்னத்தாய்னு கூப்புட்டா நீ குரல் குடு, தாயி." பெரட்டு என்பது விடிகாலையில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு மலைக்கு அனுப்புகிற களம். மறுநாள் அவள் குரல் கொடுத்தாள். அப்புறம் இருபத்துநாலு வருஷம் கொடுத்தாள்.

"செத்தவளுக்கு வேலை குடுக்கிற கம்பெனி ஒலகத்துலயே இது ஒண்ணுதான்" என்பாள். யாராவது அவளைத் திட்டினால் சிரிப்பாள். "சின்னத்தாயைத்தானே வையுதாக. அவ காதுல விழாது."

அவளைத் திட்ட ஆபீசுக்குக் காரணம் இருந்தது. 1968 மழைக்காலத்தில் இரண்டு கைக்குழந்தைகள் அடுத்தடுத்துச் செத்தன. பிள்ளைகளை விடும் கொட்டகை மலைக்குக் கீழே, ஒரு மைல் தள்ளி. பால் கொடுக்கத் தாய் கீழே ஓடி மேலே ஏறுவதற்குள் அரை நாள் போய்விடும். அதனால் யாரும் விடவில்லை; மழையிலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டே மலைக்குப் போனார்கள். இரண்டாவது பிள்ளையைப் புதைத்த மறுநாள் மூக்கம்மாள் பெரட்டுக் களத்தின் நடுவில் போய் உட்கார்ந்தாள். பிள்ளைக்காரிகள் நாற்பத்திரண்டு பேர் பிள்ளைகளோடு அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

தொழிற்சங்கத் தலைவர் ஓடிவந்தார். "இது பொம்பளைங்க சமாச்சாரம்மா. முதல்ல கூலிப் பேச்சு முடியட்டும்."

"பெத்தது பொம்பளைதான். பெறவச்சது யாரு, தொரையா?" என்றாள் மூக்கம்மாள்.

களத்தில் ஆம்பிளைகளே சிரித்துவிட்டார்கள். தலைவர் அப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை.

ஆறு நாள் உட்கார்ந்தார்கள். மழையில், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு. நாலாம் நாள் மேலாளர் சின்னத்தாய்க்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். மூக்கம்மாள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எங்க அக்காவுக்கு லெட்டர் வந்திருக்கு. குடுத்துட்டு வந்திருதேன்" என்று இடுகாட்டுக்கு நடந்தாள். உண்மையாகவே போனாள். கல்லுக்கு அடியில் வைத்துவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தாள். ஏழாம் நாள் மலைச்சரிவிலேயே கொட்டகை போட்டார்கள். ஆயா ஒருத்தி, பால் கொடுக்க நாளைக்கு இரண்டு தடவை நேரம். அதற்குப் பிறகு வயிற்றுப்பிள்ளைக்காரி யாரும் கொழுந்துச் சுமையோடு மேடு ஏறவில்லை. ஏற்றினால் மூக்கம்மாள் வந்து நிற்பாள் என்று கங்காணிக்குத் தெரியும். பெண்டாட்டியை அடிக்கிற வீட்டுக்கு முன்னாலும் நிற்பாள். ஒன்றும் பேசமாட்டாள். அவன் வெளியே வருகிறவரை நிற்பாள்.

முழு ஒத்துழைப்பு!

அம்மாவின் இந்தச் சிரிப்பெல்லாம் முத்துப்பேச்சிக்கு எப்போதுமே பிடித்ததில்லை. தொழிலாளர் பிள்ளைகளுக்கு எஸ்டேட் கொடுக்கும் படிப்பு உதவிக்கு அவள் எழுதிப்போட்டபோது, பள்ளிச் சான்றிதழில் தாய் பெயர் மூக்கம்மாள் என்றிருந்தது. "சின்னத்தாய்க்குப் பிள்ளையே கிடையாதே" என்று ஆபீசில் சொன்னார்கள். பதிவு அப்படித்தான் சொன்னது. அம்மா அன்றைக்கும் சிரித்தாள். அம்மாவோடு மகள் ஒரு மாதம் பேசவில்லை.

இப்போது பேச ஆள் இல்லை. அம்மாவுக்கு வந்தது நெஞ்சுச் சளி. எஸ்டேட் மருந்துக்கூடமான மருந்துக்கட்டில் வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப் கேட்டதற்கு, டிரைவர் லீவு என்றார்கள். நாற்பத்திரண்டு வயது. மருந்துக்கட்டுச் சீட்டில் நாற்பத்தெட்டு என்று எழுதியிருந்தது. அது அக்காவின் வயது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு முத்துப்பேச்சி நேரே ஆபீசுக்குப் போனாள். பெரிய கிளார்க் ஏசுரத்தினம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"நம்ம எஸ்டேட்டுக்கே பெருமை, முத்துப்பேச்சி."

"பேர் தப்பா இருக்கு. மூக்கம்மாள்தான் இங்க வேலை பார்த்தான்னு ஒரு கடிதம் குடுங்க. பல்கலைக்கழகத்துல திருத்தச் சொல்லுதேன்."

"அதெப்படிக் குடுக்க? இருபத்துநாலு வருஷம் தப்பா எழுதினோம்னு நானே எழுதிக் கையெழுத்துப் போடவா?"

"தப்பாத்தானே எழுதினீக."

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு விசயம் யோசி. சின்னத்தாய் பேர் பதிவுல உசுரோட இருக்கு. உன் தம்பி பொண்டாட்டி இசக்கி அந்தப் பேர்ல ஏறியாச்சு. திங்கக்கெழமையிலிருந்து பெரட்டுக்கு வாறா. வீடும் அந்தப் பேர்லதான் இருக்கு. நீ பேரைத் திருத்தினா வேலையும் கெடையாது, வீடும் கெடையாது."

முத்துப்பேச்சிக்கு இது புதுச் செய்தி.

"அப்ப பரிசை யாரு வாங்குவா?"

ஏசுரத்தினம் கொஞ்சம்கூட வெட்கப்படவில்லை. இருபது வருஷமாக அப்படியே பார்த்துப் பழகியவர். "பேர்ல யாரு இருக்காளோ அவதானே வாங்கணும்? இசக்கி வரட்டும். ஜீப் தாறோம்."

லயத்துக்குத் திரும்பினாள். தம்பி நல்லமுத்து தலையைக் குனிந்துகொண்டான். அவன் பெண்டாட்டி இசக்கியம்மாள் அடுப்படியில் இருந்தாள். பத்தொன்பது வயது, கல்யாணமாகி எட்டு மாதம்.

"அம்மா குழி ஈரம் காயலைலே. அதுக்குள்ள வித்துட்டியா?"

"எதை வித்தேன்? நீ கஞ்சிக்கோட்டுல பேன் காத்துல இருக்கே. நாங்க எங்க போவோம்க்கா? இப்ப எமர்ஜென்சி வேற. சங்கத்துக்காரன்கூட வாயைத் தொறக்க மாட்டான்."

"மூணாவது சின்னத்தாயா இவ? இவளும் செத்தா நாலாவது யாரு, உனக்குப் பொறக்கப்போற பிள்ளையா?"

"வாயைக் கழுவுக்கா!"

இசக்கி அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "மதினி, எங்கிட்ட யாரும் கேக்கலை."

முத்துப்பேச்சி லீவை நீட்டி எழுதிப் போட்டாள். பரிசுக்குப் பரிந்துரைத்தவர் கல்லூரி ஆசிரியை செபமாலையம்மாள். போன வருஷம் தோட்டத்துப் பெண்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்து, லயம் லயமாக உட்கார்ந்து பேசிக் குறிப்பெடுத்தவர். பெயரை மட்டும் ஆபீசில் கேட்டு எழுதிக்கொண்டார். அது ஒன்றுதான் அவர் செய்த பிழை. விவரம் கேட்டதும் அவரே பல்கலைக்கழக அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார்.

அங்கிருந்த அதிகாரி மலையாளத்தில் பொறுமையாக விளக்கினார். பெயரைத் திருத்த எஸ்டேட்டின் சான்று வேண்டும்.

"எஸ்டேட்தான் தப்பு செஞ்சது. அது எப்படிச் சான்று குடுக்கும்?" என்று முத்துப்பேச்சி மலையாளத்தில் கேட்டாள்.

"வேறு வழி இல்லை. பத்திரிகைக்குக் கொடுத்தாகிவிட்டது. பரிசுத் தகட்டில் பெயர் வெட்டியாகிவிட்டது."

"இறந்தவளுக்குப் பரிசு கொடுப்பதில் உங்களுக்குத் தடை இல்லையா?"

"இருக்கிறது. ஆனால் சின்னத்தாய் உயிரோடிருப்பதாக எஸ்டேட்டிலிருந்து தந்தி வந்திருக்கிறது."

செபமாலையம்மாள் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "பெண்களின் தலைமைக்கு என்று பரிசு வைத்திருக்கிறீர்கள். அந்தப் பெண் யார் என்று ஆண்களிடம் தந்தியில் கேட்கிறீர்கள்." அதிகாரி தேநீர் சொல்லட்டுமா என்று கேட்டார்.

மார்ச் எட்டாம் தேதி எஸ்டேட் ஜீப்பில் ஏசுரத்தினமும் நல்லமுத்துவும் இசக்கியும் வந்து இறங்கினார்கள். இசக்கிக்குப் புதுச் சேலை. மூன்று வாரம் பெரட்டில் சின்னத்தாயாகக் குரல் கொடுத்துவிட்டாள். முத்துப்பேச்சி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மேடையில் இருந்த ஒன்பது நாற்காலியில் ஏழில் ஆண்கள். ஒருவர் கல்லுமேடு மேலாளர். கழுத்தில் மாலை.

"மேல போய்க் கும்புடு. வாயைத் தொறக்காத" என்று ஏசுரத்தினம் பின்வரிசையிலிருந்து இசக்கியின் காதில் சொன்னார்.

பேராசிரியை வாங்கினார். டாக்டர் வாங்கினார். வக்கீல் வாங்கினார். கைதட்டல்.

"திருமதி சின்னத்தாய்."

இசக்கி எழுந்திருக்கவில்லை. ஏசுரத்தினம் அவள் தோளைத் தொட்டுத் தள்ளினார். மறுபடியும் கூப்பிட்டார்கள். இசக்கி இருந்த இடத்திலிருந்தே, மலைச்சரிவில் எதிர்ப்பக்கத்துக்குக் கேட்கிற குரலில் பதில் சொன்னாள்:

"சின்னத்தாய் வரலை ஐயா! அவ செத்து இருபத்துநாலு வருசமாச்சு. உக்காந்தது எங்க அத்தை, மூக்கம்மா. அவளும் போன மாசத்துக்கு முந்தின மாசம் செத்துப்போனா. நான் இசக்கி. நான் ஒண்ணும் செய்யலை. எனக்கு வேண்டாம்."

நல்லமுத்து கையால் முகத்தைப் பொத்திக்கொண்டான். முத்துப்பேச்சி திரும்பி இசக்கியின் முகத்தைப் பார்த்தாள். ஒரு மாதமாக அவள் யார் யாரிடமோ கேட்டுத் திரிந்தாள். இந்தப் பெண்ணிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மேடையில் கிசுகிசுத்தார்கள். பிறகு ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது: "அவர் சார்பில் எஸ்டேட் மேலாளர் பெற்றுக்கொள்வார்." மேலாளர் எழுந்தார். இரண்டு மூன்று பேர் கைதட்டவும் தட்டினார்கள்.

முத்துப்பேச்சி மேடைப் படியில் ஏறினாள். யாரும் தடுக்கவில்லை; தடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதற்குள் ஏறிவிட்டாள். மேலாளருக்கும் மேசைக்கும் நடுவில் நின்றாள்.

"அதைத் தொடாதீங்க."

"நீ யார்?" என்றார் மேலாளர்.

"சின்னத்தாய்க்குப் பொறக்காத பிள்ளை. எங்க அம்மா கேட்டப்ப ஜீப்புக்கு டிரைவர் லீவு. இன்னிக்கு டிரைவர் வந்திருக்காரே, எப்படி?"

மேலாளர் உட்கார்ந்துவிட்டார். தலைமை வகித்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். தகடு மேசையிலேயே கிடந்தது. நன்றியுரைக்கு ஆளைக் கூப்பிட்டார்கள்.

வெளியே ஏசுரத்தினம் ஜீப்பில் ஏறிக்கொண்டு சொன்னார்: "இனிமே பெரட்டுக்கு வர வேண்டாம்."

"யாரைச் சொல்லுதீக?" என்றாள் இசக்கி. "என் பேரை நீங்க கூப்புட்டதே இல்லையே, ஐயா."

ஜீப் கிளம்பிப் போயிற்று. மூன்று பேரும் பஸ்ஸுக்கு நடந்தார்கள். நல்லமுத்து வழி முழுக்க இரண்டு பேரையும் வைதுகொண்டே வந்தான். அவன் பயம் பொய்யில்லை. ஒரு மாதத்தில் வீட்டைக் காலிசெய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. சாமான் ஒரு சாக்கு, இரண்டு பெட்டி. கஞ்சிக்கோட்டில் முத்துப்பேச்சியின் ஒற்றை அறையில் இப்போது மூன்று பேர். இசக்கி ஒரு கட்டட வேலைக்குப் போகிறாள். மேஸ்திரி "ஏ சித்தாளு" என்றான். இரண்டு நாள் திரும்பிப் பார்க்காமல் இருந்தாள். மூன்றாம் நாள் பேர் சொல்லிக் கூப்பிட்டான்.

ஜூன் மாதம் பல்கலைக்கழகம் எழுதியது: பரிசுக்கு உரியவர் யார் என்று உறுதிப்படாததால், இவ்வாண்டு மூன்று பரிசுகள் மட்டுமே வழங்கப்பட்டதாகக் கொள்ளப்படும்.

முத்துப்பேச்சி தொழிற்சாலையில் கருவிக்குப் பிழைப் பட்டியல் எழுதுவதுபோல் கட்டம் போட்டுப் பதில் எழுதினாள். இடப்பக்கம் அவர்கள் எழுதியது, வலப்பக்கம் சரியானது. பெயர்: மூக்கம்மாள். வயது: 42. மேலாளரின் ஒத்துழைப்பு: இல்லை. மழையில் உட்கார்ந்த நாட்கள்: ஆறு. கீழே அவளும் இசக்கியும் கையெழுத்துப் போட்டார்கள். செபமாலையம்மாள் சாட்சி.

பதில் வரவில்லை. ஜூலையில் அதையே மறுபடியும் எழுதி அனுப்பினாள். ஆகஸ்டில் மறுபடியும். போன வாரம் அனுப்பியது ஆறாவது.