மகளின் தொண்டையில் வெள்ளிக் காசு

மோர்னிங்சைட்டில் குடியிருந்தபோது, வங்கியில் பத்துச் சதக் காசுகளைக் கடதாசியில் சுற்றிய றோல்களை வாங்கி வந்து உடைத்து, அந்தக் காலத்தில் அசல் வெள்ளியில் அடித்த பழைய காசு ஏதும் அகப்படுமா என்று தேடுவது என் வழக்கம். ஒரு ஞாயிறு மத்தியானம் தரையில் துவாயை விரித்துக் காசுகளைக் கொட்டியிருந்தேன். ஒன்றரை வயது மகள் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். வெள்ளிக் காசு ஒன்று கிடைத்தது. அதைத் தனியே வைத்துவிட்டு மற்றவற்றில் மூழ்கிப்போனேன்.

குசினியிலிருந்து வந்த மனைவி கத்தினாள். "இஞ்சேருங்கோ, பிள்ளைக்கு என்ன செய்யுது?"

மகள் வாயால் எச்சில் வடிய, மூச்செடுக்க முடியாமல் திணறினாள். நான் துவாயைப் பார்த்தேன்.

"ஐயோ, அந்த வெள்ளிக் காசைக் காணேல்லை!"

அதுதான் என் வாயில் முதலில் வந்தது. மனைவி என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை.

அம்புலன்ஸில் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து, குழாய் விட்டுக் காசை எடுத்தார்கள். பிள்ளை தப்பிவிட்டாள். தாதி அந்தக் காசை ஒரு சின்னப் போத்தலில் போட்டு என்னிடம் நீட்டினாள்.

"உந்தக் காசை வீட்டை கொண்டு வராதேங்கோ," என்றாள் மனைவி. வாங்காமலே வந்துவிட்டேன்.

இப்போதும் தேடுகிறேன். ஆனால் மகள் பள்ளிக்கூடம் போன பிறகு, அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, மேசையில் வைத்துத்தான். எழும்பமுன் ஒவ்வொரு காசையும் எண்ணிப் பார்க்கிறேன். மனைவி அந்த அறைக்குள் இன்றுவரை கால் வைத்ததில்லை.