தாளம் தப்பிய ஜால்ரா

வடக்கே எங்கள் கிட்வாய் நகர் தமிழர் பஜனையில் ஜால்ரா தட்டும் ஒருவர் இருந்தார். தொந்தியும் குரங்குக் குல்லாவுமாக வருவார். தாளம் மட்டும் அவரிடம் நிற்கவே நிற்காது.

என் மனைவி காலமான பிறகு நான் பஜனைக்குப் போகவில்லை. துக்கம் கேட்க வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் "எல்லாம் முருகன் செயல்" என்று சொல்லிக் காபி குடித்துப் போனார்கள். இவர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, "சார், செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டார்.

"ஆமாம்" என்றேன். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.

"அச்சா. அப்ப நான் இங்கேயே இருக்கேன். நாளைக்கு ரெண்டு பேருமா டாக்டரைப் பாப்போம். இப்ப ஒரு பாட்டு எடுங்க."

நான் பாட ஆரம்பித்ததும் பையிலிருந்து ஜால்ராவை எடுத்துத் தட்டினார்.

"நிறுத்துய்யா! பாட்டு ஒரு பக்கம், நீ ஒரு பக்கம் போறியே!" என்று கத்திவிட்டேன்.

"அப்பாடா, கோபம் வருதே!" என்றார்.

மறுநாள் டாக்டரிடம் அழைத்துப் போனார். அப்புறமும் தினம் ஆபீஸ் விட்டு வந்து என்னிடம் திட்டு வாங்கினார். எனக்காகத்தான் வேண்டுமென்றே தப்பாகத் தட்டுகிறார் என்று நினைத்தேன். மறுபடி பஜனைக்குப் போனால், அங்கேயும் அதே தப்பு!

தாளமே காதில் விழாத மனிதருக்கு நான் சொல்லாதது எப்படிக் கேட்டதோ, முருகனுக்கே வெளிச்சம்.